எட்டாங்கொடை கழிந்து வாருங்கள் என்றேன்

அண்ணனுக்கும் எனக்கும் சொத்து பாகம் வைக்கவே இல்லை. அப்பா போன பிறகு அம்மா இருந்தாள், அதனால் வைக்கவில்லை. அம்மாவும் போன பிறகு அதைப் பற்றி நினைப்பே வரவில்லை. பூதப்பாண்டிக்கு வடக்கே ஒரு ஏக்கர் இருபது சென்ட் வயலும், பத்து சென்டில் ஒரு ஓட்டு வீடும்தான் மொத்தம். அண்ணன் கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. தெற்கு அறையில் படுத்துக்கொண்டு, என் வீட்டுக்காரி ஆக்கிப் போடுவதைச் சாப்பிட்டுக்கொண்டு, வாழைக்குலை வியாபாரம் செய்தார். நெல் விவசாயம் என் பாடு. “எப்பம்தான் பாகம் வைக்கப் போறியோ?” என்று யாராவது கேட்டால் அண்ணன், “வீட்டுல இருக்கது ஒரு அடுப்பாக்கும். அதை நடுவுல வெட்டித் தாரும், மீதியை நாங்க வெட்டிக்கிடுதோம்” என்பார். கேட்டவர் சிரித்துக்கொண்டு போய்விடுவார்.

நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவன். சட்டம் எனக்குத் தெரியாது. பிரிக்காத சொத்தில் ஒருவன் கடன் வாங்கினால் அந்தக் கடன் எவ்வளவு தூரம் வரும், எங்கே நிற்கும் என்பதையெல்லாம் இரண்டாயிரத்து நாலாம் வருஷம்தான் தெரிந்துகொண்டேன். எப்படித் தெரிந்துகொண்டேன் என்பதைத்தான் எழுதுகிறேன். நான் நல்லவனாக நடந்துகொண்டேன் என்று காட்டுவதற்காக அல்ல.

அண்ணன் வியாபாரம் இப்படி: வாழைத்தோட்டத்தைக் குலை தள்ளும்போதே விலை பேசி எடுத்துவிடுவார். முற்றிய பிறகு வெட்டிக் குழித்துறைச் சந்தையில் ஒரு மொத்த வியாபாரிக்குக் கொண்டு போடுவார். முன்பணம் அந்த வியாபாரி தருவார். பதினைந்து வருஷமாக அப்படித்தான் நடந்தது. ஒரு ஆடி மாதம் கணவாய்க் காற்று இரண்டு தோட்டத்தை ஒரே நாளில் படுக்கப் போட்டது. வாங்கிய முன்பணம் எண்பதாயிரத்துச் சொச்சம் கடனாக நின்று போனது. அந்த மனிதர் இரண்டு வருஷம் பொறுத்தார். பிறகு கேஸ் போட்டார். அண்ணன் கோர்ட்டில் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. “வாங்கினேன்லா? பிறகு என்னத்தச் சொல்ல?” என்று வந்துவிட்டார். தீர்ப்பு வியாபாரிக்குச் சாதகமாக ஆனது.

அதற்குள் சர்க்கரை வியாதி அண்ணனுடைய இரண்டு சிறுநீரகத்தையும் தின்றுவிட்டது. நாகர்கோவில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். அந்தச் சமயத்தில்தான் வீட்டையும் வயலையும் ஜப்தி செய்ய உத்தரவு ஆகியிருக்கிறது என்று தெரிந்தது. நான் வக்கீலைப் பார்க்கப் போனேன்.

வக்கீல் பத்திரத்தையெல்லாம் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, “அண்ணனுக்கு ஒடம்பு எப்படி இருக்கு?” என்பதுதான். எனக்கு மனசு குளிர்ந்தது. என்ன இருந்தாலும் மனிதர் விசாரிக்கிறாரே என்று நினைத்தேன்.

“டாக்டர் கையை விரிச்சிட்டாருங்க.”

“எத்தனை நாள் சொல்லுதாங்க?”

அப்போதுதான் அவர் எதற்குக் கேட்கிறார் என்று புரிய ஆரம்பித்தது.

அவர் பொறுமையாகச் சொன்னார். “உங்க அண்ணனுக்குப் பெஞ்சாதி பிள்ளை இல்லை. தாயாரும் இல்லை. சொத்து பாகம் வைக்காத கூட்டுக் குடும்பச் சொத்து. அவரு உயிரோட இருக்கையில அவர் பாதியைக் கோர்ட்டு ஜப்தி பண்ணிட்டா, கடன் கொடுத்தவருக்குப் பிடி கிடைச்சிடும். அந்தப் பாதியை ஏலம் போடலாம். ஏலத்துல எடுக்கவன், எனக்குப் பாகம் பிரிச்சுத் தா என்று உங்க மேல வழக்குக்கு வருவான். ஆனா ஜப்திக்கு முன்னால அவரு காலமாயிட்டாருன்னா, அவரு பங்குன்னு ஒண்ணு பாக்கி இல்லை. அப்படியே உங்ககிட்ட வந்து சேந்திடும். அண்ணன் கடனுக்குத் தம்பி பொறுப்பில்லை. அந்த ஆளு வெறுங்கையோட போக வேண்டியதுதான்.”

“ஜப்தி எப்பம் ஆகும்?”

“கோர்ட்டு ஆளு அமீனா வந்து உத்தரவை வாசல்ல ஒட்டணும். தமுக்கு அடிச்சு நாலு பேரு கேக்கச் சொல்லணும். அது நடந்தாத்தான் ஜப்தி.”

பஸ்ஸில் வரும்போது நான் கணக்குப் போடவில்லை என்று சொன்னால் அது பொய். அடுத்த வருஷம் இந்தச் சட்டமே மாறிவிட்டது என்று பிற்பாடு சொன்னார்கள். ஆனால் எனக்கு அந்த வருஷம்தான் வாய்த்தது.

வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் உலை அரிசியைக் களைந்துகொண்டிருந்தாள். “அத்தான் சாகணும்னு இருந்தா வீடு நிக்கும், பிழைச்சா வீடு போகும். இப்படியா சட்டம் எழுதி வச்சிருக்கானுவ?” என்றாள். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, “மவளுக்கு இதை விட்டா நம்மகிட்ட என்ன இருக்கு?” என்றும் அவள்தான் கேட்டாள்.

அது சித்திரை மாதம். எங்கள் ஊர் அம்மன் கோயிலில் கொடை. கொடை என்றால் எங்கள் பக்கத்தில் அம்மனுக்கு மூன்று நாள் நடக்கும் திருவிழா. அதற்கு எட்டு நாள் முன்னால் கோயில் முன்பு கால்நாட்டுவோம். மஞ்சள் பூசிய ஒரு பந்தல்காலை ஊன்றுவது. கால்நாட்டிய பிறகு கொடை முடியும் வரைக்கும் ஊர் எல்லைக்குள் அம்மனுடைய மேளம் தவிர வேறு கொட்டுச் சத்தம் கேட்கக் கூடாது. கல்யாண மேளம் கிடையாது, சாவுக் கொட்டு கிடையாது, பஞ்சாயத்துத் தமுக்கு கிடையாது. மூன்றாம் நாள் மஞ்சள் நீராட்டோடு அந்தத் தடை தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு ஒரு வாரம் கழித்து எட்டாங்கொடை என்று சிறிதாக ஒரு பூஜை நடக்கும். அது வரைக்கும் வீடுகளில் சில ஒழுக்கங்கள் உண்டு. ஆனால் கொட்டுக்குத் தடை கிடையாது. அந்த வருஷம் கோயில் பொறுப்பு என்னிடம் இருந்தது.

கால்நாட்டிய மூன்றாம் நாள் காலையில் அமீனா வந்தார். வயசானவர், குடையும் ஒரு தோல்பையும் வைத்திருந்தார். கூடவே பக்கத்து ஊரிலிருந்து தமுக்கு அடிக்கிற அண்ணாச்சி. அவரை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் பக்கத்தில் சாவுக்கும் அவர்தான் கொட்டு அடிப்பார். அவர் தமுக்கைத் தோளிலிருந்து இறக்குவதற்குள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்.

“ஓய், கால்நாட்டியிருக்குல்லா? இங்க வந்து அடிச்சிருவேரா?” என்றார் எதிர்வீட்டுக்காரர்.

“நானா அடிக்கேன்? கோர்ட்டு அடிக்கி. நான் கம்பைத்தான் பிடிச்சிருக்கேன்” என்றார் தமுக்கு அண்ணாச்சி.

அமீனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எனக்கு ஒட்டவும் அடிக்கவும் ஒரே நேரத்துல நடக்கணும். ஒட்டிட்டு அடிக்காமப் போனா நான் என்னத்த எழுதிக் குடுக்க? போலீசைக் கூட்டிட்டு வரலாம். ஆனா சாமி காரியத்துல எனக்கு எதுக்குய்யா பொல்லாப்பு? நானும் பிள்ளைகுட்டிக்காரன். யாரு இங்க கோயில் பொறுப்பு?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“எண்ணைக்கு வந்தா அடிக்கலாம்னு சொல்லும். அண்ணைக்கு வாறேன்.”

கொடை அடுத்த புதன்கிழமை முடியும். வியாழக்கிழமை வாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. அதற்குப் பதிலாக நான், “எட்டாங்கொடை கழிந்து வாருங்க” என்றேன்.

எதிர்வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆனால் ஜப்திக்காரரை ஒரு வாரம் தள்ளிப்போட்டது அவருக்குச் சந்தோஷம்தான். தமுக்கு அண்ணாச்சி மட்டும் கம்பை இடுப்பில் செருகிக்கொண்டே, “போன வருஷம் தண்ணி வரிக்கு எட்டாங்கொடைக்குள்ள தமுக்கு அடிச்சதா எனக்கு ஒரு ஞாபகம்” என்றார், யாரையும் பார்க்காமல். அமீனா அதைக் கவனிக்கவில்லை. ஒரு தாளில் தேதியைக் குறித்துக்கொண்டு, என் வீட்டில் மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

மத்தியானம் ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டு போனேன். அண்ணன் முகம் ஊதியிருந்தது. கண் மட்டும் தெளிவாக இருந்தது.

“அமீனா வந்தாராலே?”

“வந்தாரு. கால்நாட்டியிருக்கு, கொடை கழிஞ்சு வாங்கன்னு சொல்லியிருக்கேன்.”

“எண்ணைக்கு?”

“எட்டாங்கொடைக்குப் பொறவு.”

அண்ணன் இருபது வருஷம் கோயில் காரியம் பார்த்தவர். கஞ்சியை ஒரு மடக்கு குடித்தார். “அது எப்பம் இருந்துலே?” என்று கேட்டார். நான் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மறுபடி கேட்கவில்லை. “துவையல்ல உப்பு கூடிப்போச்சுன்னு அவகிட்ட சொல்லு” என்றார்.

கொடை நல்லபடியாக நடந்தது. மூன்று நாளும் நான் அம்மன் முன்னால் நின்றேன். அண்ணனுக்குச் சுகம் கொடு தாயே என்றுதான் கும்பிட்டேன், வாயால். மனசு என்ன கும்பிட்டது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். ஒரு வேண்டுதலைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்ப ஆரம்பித்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

புதன்கிழமை மஞ்சள் நீராட்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் இறந்துபோனார்.

உடம்பை வீட்டுக்குக் கொண்டு வந்தோம். தகவல் போய்த் தமுக்கு அண்ணாச்சி வந்தார். இந்தத் தடவை தமுக்கு இல்லை, சாவுக்கு அடிக்கிற கொட்டு. கூட இரண்டு பேர். வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார்.

“அடிக்கட்டா, வேண்டாமா? நீங்கதான் சொல்லணும்.”

அவர் குரலில் குத்தல் இல்லை. நிஜமாகவே கேட்டார். கொட்டு இல்லாமல் எங்கள் ஊரில் ஒரு ஆம்பிளையைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. அடிக்கச் சொன்னால், எட்டு வரைக்கும் தடை என்று கோர்ட்டு மனிதரிடம் சொன்னது பொய் என்று ஊர் முன்னால் நானே ஒப்புக்கொண்டதாக ஆகும். எதிர்வீட்டுக்காரரும் மற்றவர்களும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“வேண்டாம். எட்டு கழியலல்லா” என்றேன்.

“சரி” என்றார். கொட்டைத் திண்டில் சாய்த்து வைத்துவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து அண்ணன் கால்மாட்டில் நின்றார். மூன்று பேரும் வெறுங்கையோடு சுடுகாடு வரைக்கும் வந்தார்கள். தெருவில் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. இருபது வருஷம் அம்மனுக்கு மேளம் ஏற்பாடு செய்தவர் சத்தமில்லாமல் போனார். கொள்ளி வைத்தவன் நான்.

தீட்டு வந்துவிட்டதால் எட்டாங்கொடைக்கு நான் கோயிலுக்குப் போகக் கூடாது. அந்த நாளைச் சொன்னவனே அன்றைக்கு வீட்டுக்குள் இருந்தேன். மறுநாள் அமீனா வந்தார். விஷயத்தைக் கேட்டார். இறப்புச் சான்று எப்போது கிடைக்கும் என்று விசாரித்து எழுதிக்கொண்டு, “வயசு என்ன ஆகுது? அம்பத்தாறா? பாவம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வக்கீல் சொன்னபடியே எல்லாம் நடந்தது. சொத்து முழுவதும் என்னுடையது.

பதினாறு கழிந்து ஒரு நாள் குழித்துறை வியாபாரி வந்தார். அவரை நான் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பூவன் பழம் ஒரு சீப்பு கொண்டுவந்திருந்தார். அண்ணன் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றார். அவர் சபைக்காரர், அவர் முறைப்படி ஜெபம் செய்திருப்பார். என் வீட்டுக்காரி காப்பி கொடுத்தாள்.

“வக்கீலு பறஞ்சாரு, கேசு போச்சுன்னு” என்றார் அவர், மலையாளம் கலந்த பேச்சில். “போட்டும். வியாபாரத்துல இது உள்ளதாக்கும். நான் அதுக்கு வரல்ல.”

“பின்னே?”

“ஒரு காரியம் மனசுல கிடந்து உறுத்திச்சு. எட்டு கழியாம கொட்டு அடிக்கப்படாதுன்னு நீரு பறஞ்சதா அமீனா வந்து பறஞ்சப்பம் நான் விசுவாசிக்கல்ல. கள்ளம் பறயுதான், தாமசம் பண்ணுதான்னு வீட்டுல வச்சு உம்மை ஒருபாடு ஏசிப்போட்டேன். பிறகு அடக்கத்துக்கு வந்தேன். நீரு என்னைப் பாத்திருக்க மாட்டேரு, ஆளுக்குப் பின்னால நிண்ணேன். சொந்த அண்ணனுக்கே நீரு கொட்டு வேண்டாம்னு வச்சேரு. அப்பம் நீரு பறஞ்சது நெசமாக்கும். நான் தப்பா நெனச்சதுக்கு மன்னிக்கணும். அதைப் பறயத்தான் வந்தேன்.”

கும்பிட்டார். என்னைவிடப் பத்து வயசு மூத்தவர்.

அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரைக்கும் போய்விட்டார். வீட்டுக்காரி அடுக்களை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். “என்ன, இருக்கியோ?” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் அவளிடம் இது வரைக்கும் கேட்டதில்லை.

பஸ் நிறுத்தத்தில் அவரைப் பிடித்தேன். மூச்சு வாங்கியது.

“அண்ணாச்சி, அது பொய். கொடை முடிஞ்சதோட கொட்டு அடிக்கலாம். வியாழக்கிழமை அமீனா வந்திருந்தா உங்களுக்கு ஜப்தி ஆகியிருக்கும். நான்தான் எட்டுன்னு சொன்னேன். அண்ணன் சாவுக்குக் கொட்டு வேண்டாம்னு வச்சதும் அந்தப் பொய்யைக் காப்பாத்தத்தான்.”

பஸ் ஒன்று வந்தது, அவர் ஏறவில்லை. போய்விட்டது.

“உம்ம அண்ணனுக்கு அறியுமா?”

“அறியும்.”

“ஓ” என்றார். பிறகு சட்டென்று கோபம் வந்தது அவருக்கு. “நீரு எதுக்குவே இதை இப்பம் என்கிட்ட பறயுதேரு? நான் சமாதானமா வீட்டுக்குப் போயிட்டிருந்தேன்லா? இனி நான் உம்மை ஏசணுமா, வேண்டாமா?”

“ஏசுங்க. ஆனா அண்ணன் கடனை நான் தீக்கணும். வயலை விக்க முடியாது, மவளுக்கும் அதுல பங்கு உண்டும்னு வக்கீல் சொல்லுதாரு. அண்ணனோட பாதி வயலை நீங்க எடுத்து வாழை வையுங்க. கடன் தீருது வரைக்கும் பாட்டம், குத்தகைப் பணம் தர வேண்டாம், அதைக் கடன்ல கழிச்சுக்கிடுங்க.”

“வட்டி?”

எனக்குக் கொஞ்சம் அதிர்ச்சியாக இருந்தது. வட்டி வேண்டாம் என்று சொல்வார் என உள்ளூர எதிர்பார்த்திருக்கிறேன்.

“கோர்ட்டு விதிச்ச வட்டி மாத்திரம்” என்றார் அவர். “அதுக்கு மேல ஒரு சக்கரம் துட்டு வேண்டாம். அதுக்குக் கீழயும் வேண்டாம்.”

வைகாசியில் ஒரு நாள் இரண்டு வேலையாட்களோடு வயலுக்கு வந்தார். என் வீட்டுக்காரியும் வந்திருந்தாள். அவர் வரப்பில் நின்று முழு வயலையும் பார்த்தார்.

“இதுல அவருக்க பாதி எது?”

எங்கள் அப்பா காலத்திலிருந்து அது ஒரே வயல். எந்த நாற்று அண்ணனுடையது, எந்த நாற்று என்னுடையது என்று நாங்கள் ஒரு நாளும் பேசியதில்லை. கோர்ட்டுக் காகிதத்திலும் ‘பிரிவினை ஆகாத பாதி’ என்று மட்டும்தான் போட்டிருந்தது. அது எந்தப் பக்கம் கிடக்கிறது என்று எழுதவில்லை. மேற்குப் பக்கம் கால்வாய் மடை இருக்கிறது, தண்ணீர் முதலில் அங்கேதான் பாயும். கிழக்குப் பக்கம் மேடு.

“மேற்குப் பக்கம்” என்றேன்.

வீட்டுக்காரி என் கையை லேசாகத் தொட்டாள். “மடையை அவருக்கு விட்டுட்டு நாம எதை வச்சு நெல்லுப் போட?”

“கோடு போடுகது நான்லாட்டி. மேட்டை அவருக்குத் தள்ளிவிட்டா அதுவும் எட்டாங்கொடை மாதிரிதான்.”

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

வேலையாள் கயிற்றைப் பிடித்தான். நடுவில் வரப்பு வெட்ட மண்வெட்டியை எடுத்தபோது அந்த வியாபாரி தடுத்தார். “வரப்பு வேண்டாம்டே. வரப்பு போட்டா பிறகு அது அங்கயே கிடக்கும். நாலு கம்பு நாட்டு, போதும். கடன் தீந்தா பிடுங்கிப் போடலாம்.”

ஆறு வருஷம் அவர் வாழை வைத்தார். தண்ணீர் முதலில் அவருக்குப் பாய்ந்து, பிறகு எனக்கு வந்தது. ஒரு வருஷம் வரவில்லை. மாசியில் வரும் கும்பப்பூ நெல் அறுவடை பாதி போனது. மகள் கல்யாணத்தைக் கடன் வாங்கித்தான் செய்தோம். அந்தக் கடனையும் அடைத்தாயிற்று. கோயில் பொறுப்பை அந்தக் கொடையோடு விட்டுவிட்டேன். விடும்போது ஊர்க்கூட்டத்தில் காரணத்தையும் சொன்னேன். எதிர்வீட்டுக்காரர், “அது எங்களுக்குத் தெரியாதாவே? ஊருக்காக நீரு செய்ததுன்னு விட்டோம்” என்றார். ஊருக்காக இல்லை என்று சொன்னேன்.

கொடைக்கு ஒவ்வொரு வருஷமும் போகிறேன். ஆட்களுக்கு நடுவே நின்று கும்பிடுகிறேன். மன்னித்துவிடு என்று கேட்பதற்கு எனக்கு வாய் வரவில்லை. அண்ணன் பெயரைச் சொல்லி ஒரு அர்ச்சனை மட்டும் செய்துவிட்டு வருகிறேன். கடைசி வருஷம் குலை வெட்டியதும் அந்த வியாபாரி வந்து, பாக்கி ஒன்றும் இல்லை என்று எழுதிய தாளை நீட்டினார். நான் வாங்கப் போனபோது கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, “உமக்கில்ல” என்றார். நேரே வீட்டுக்குள் போய் அண்ணன் படத்தின் சட்டத்துக்குப் பின்னால் அதைச் செருகி வைத்தார்.